கோவாக் காத்து

மனிதகுலத்தில் கொங்கணி ரத்தம் ஓடுகிறவர்களுக்கு மட்டுமே நேவ்ரி பொரிக்கும் தகுதி உண்டு என்பது டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இக்னேசியஸின் சித்தாந்தம். அந்த ரத்தம் அவர் உடம்பில் ஓட ஆரம்பித்தது, கோவாக்காரரான டாக்டர் டிசோசா தோட்டத்துக்கு வந்த பிறகுதான். டாக்டருக்குத் தன் மகள் ஸ்டெல்லாவைக் கட்டிவைக்க வேண்டும். நேவ்ரி தின்ன ஆசையாக இருக்கிறது என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னதும், "தலைமுறை தலைமுறையா எங்க வீட்டுப் பலகாரமாச்சே" என்று வாயை விட்டுவிட்டார். அது பிறை வடிவம் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது.

டாக்டரை விருந்துக்கு அழைத்த அன்று மனைவி தெரேசா மாவைத் தேய்த்துவிட்டு, சீனி போட்டு வதக்கிய தேங்காய்ப்பூவை எடுத்தாள்.

"சோமாசி மாதிரிதானேங்க? உள்ள இதை வச்சு மூடவா?"

"சோமாசி லயத்துல கொழுந்து பறிக்கிறவங்க திங்கிறது. நேவ்ரிக்குள்ள ஒண்ணும் இருக்காது. அதுதான் அதோட கௌரவம்."

"அப்ப காத்தைப் பொரிக்கச் சொல்றீங்க."

"கோவாக் காத்து."

அவளும் வெறும் மாவை மடித்து, ஓரத்தை முறுக்கி எண்ணெயில் போட்டாள். ஒவ்வொன்றும் கிளாக்கரைப் போலவே உப்பி மிதந்தது.

டாக்டர் ஒன்றைக் கடித்து உள்ளே பார்த்தார். இன்னொன்றையும் உடைத்துப் பார்த்தார்.

"எங்கம்மா உள்ள தேங்காய் வைப்பாங்களே, கிளாக்கரய்யா?"

"நாங்களும் வைப்போம் டாக்டர்," என்றார் இக்னேசியஸ், கண் இமைக்காமல். "ஈஸ்டர் வர்ற வரைக்கும் தவக்காலம் பாருங்க, அதான் இனிப்பு சேக்கல."

மேசை நடுவில் கிறிஸ்மஸ் கேக் இருந்தது.