இளக்கிக் கொடுத்த ஹெட்போன்

புது ஸ்பீக்கர் வாங்கினால், திருவிழாவில் கட்டுவதற்கு முன் அதை ஓடவிட்டு இளக்க வேண்டும் என்பது செம்பட்டிப் பக்கத்து மைக்செட்காரர்களின் வழக்கம். புதிதில் உள்ளே அதிர்கிற காகிதக் கோன் விறைத்துக்கொண்டு நிற்கும். பகல் முழுக்கப் பாட்டைப் போட்டு ஓட்டினால் அசைவு பழகி அடிச்சத்தம் இறங்கி வரும். அவர்களில் பாண்டியராஜ் இதில் கெட்டிக்காரன். யாரும் கேட்காமலேயே அவனே இதைச் சொல்லிவிடுவான்.

அதை நம்பித்தான் முகேஷ்குமார் தன் புது ஹெட்போனை அவனிடம் கொடுத்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். முகேஷ் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு மாடி அறையில் ரெக்கார்டிங் வைத்திருந்தான். முளைப்பாரிப் பாட்டு, பாதயாத்திரைப் பாட்டு, மாதா கோவில் பாட்டு என்று எது வந்தாலும் பதிவு செய்து, மிக்ஸிங் முடித்துக் கொடுப்பான். அவன் வீட்டு அடுப்பு எரிவது அவன் காதுகளால்தான். போன வருஷம் இடது காதில் சீழ் வைத்து வீடே பயந்துபோனது. குணமாகிவிட்டது, ஆனால் ஜாக்கிரதையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஹெட்போன் சாதாரணப்பட்டதில்லை. மின்தடை முந்நூறு ஓம். லேப்டாப்பில் சொருகினால் பாட்டு பக்கத்துத் தெருவிலிருந்து கேட்டது. பவர் ஏற்றித் தருகிற தோதான ஆம்ப் இருந்தால்தான் வாய் திறக்கும் என்றார்கள் இணையத்தில். பர்ன்-இன் என்கிற இந்த இளக்கலைச் செய்யாமல் எடை போடாதே என்றார்கள் சிலர். அதெல்லாம் சும்மா, இளகுவது ஹெட்போன் இல்லை, கேட்பவன் காதுதான் என்றார்கள் வேறு சிலர். முகேஷ் சின்னதாக ஒரு ஹெட்போன் ஆம்புக்கு ஆர்டர் போட்டான். அது வந்து சேர்வதற்குள் இளக்கி வைத்துவிடலாமே என்று நினைத்தான்.

"எங்கிட்ட குடுத்துட்டுப் போ மாப்ள. உனக்கு ஆம்ப் பவர் பத்தல, அம்புட்டுதான். நம்மகிட்ட இல்லாத பவரா?" என்றான் பாண்டியராஜ்.

பவர் இருந்தது. ஊர் எல்லை வரைக்கும் அம்மன் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பவர். அந்த மேடை ஆம்பின் வாயில் இவனே ஒயரை ஒட்டி ஒரு பின் தயார் செய்து ஹெட்போனை மாட்டினான். வலது பக்கக் குமிழைக் குறைத்து வைத்தான். இடது பக்கக் குமிழ் போன திருவிழாவில் ஏற்றி வைத்த இடத்திலேயே நின்றது. அதை அவன் பார்க்கவில்லை. பாட்டைப் போட்டதும் படார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். காதில் வைத்துப் பார்த்தால் இடது பக்கம் கம்பளியைப் போர்த்தியது போல அமுங்கிக் கேட்டது. மோந்து பார்த்தான். கருகல் வாடை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் வண்டியை எடுத்தான். திண்டுக்கல் வருகிற வழியெல்லாம், "மாப்ள, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். வாசலில் முகேஷின் மனைவி சத்யபிரியா நின்றிருந்தாள். "வாங்கண்ணே, காலையில இருந்து உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்காக" என்று சிரித்தாள். மேலே புது ஆம்ப் வந்து, பெட்டி பிரித்து, தயாராக இருந்தது.

முகேஷ் மாட்டிக் கேட்டான். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தான். பிறகு இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பாண்டி, இடது பக்கம் கம்மியா இருக்கே. எனக்குத்தான் அப்பிடிக் கேக்குதா?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. பாண்டியராஜ் அதற்குள் பாய்ந்து ஒளிந்துகொண்டான்.

"இன்னும் முழுசா இளகல. புது ஆம்புக்கும் அதுக்கும் செட்டாகணும்ல. உன் காதும் பழகணும். ஒண்ணு சொல்றேன் கேளு. இது பழகுற வரைக்கும் வேற எதையும் காதுல மாட்டாத, குழம்பிரும்."

இந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. வேறு ஹெட்போனை மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் மட்டும் தெரியும். முகேஷ் தலையாட்டிக்கொண்டான். மைக்செட் விஷயத்தில் பாண்டி சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவன் கணக்கு. பழைய ஹெட்போனைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

அதற்குப் பிறகு பாண்டியராஜ் திண்டுக்கல் பக்கமே போகவில்லை. முகேஷ் போன் செய்தால் ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை என்பான். ஜெனரேட்டர் ஓடாத நாளிலும் அதையே சொன்னான். வெட்கக்கேடுதான். மனைவி, "என்ன, சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீக?" என்று கேட்டதற்கு, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்பு அதிகம் என்று பழியை அவள் மேலே போட்டான்.

பங்குனித் திருவிழாவுக்குச் செம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரில் செட் கட்டினான். கமிட்டியில் பொன்னழகு என்பவர்தான் முன்னால் நிற்பவர். அந்த ஊர் அம்மன் பேரில் தன் செலவில் ஒரு பாட்டு எழுதவைத்து, முகேஷிடம் பதிவு செய்து வாங்கியிருந்தார். கூட்டம் கூடியதும் பெருமையோடு பென் டிரைவை நீட்டினார். "நம்ம பாட்டு தம்பி. நல்லா கேக்கணும்."

மேடைக்கு இரண்டு பக்கமும் பெட்டிகளைப் பிரித்துக் கட்டியிருந்தான் பாண்டியராஜ். பாட்டு கிளம்பியது. இடது பக்கப் பெட்டிகளிலிருந்து உடுக்கை எழும்பி வந்து எல்லாவற்றையும் மிதித்தது. பாடுகிறவளின் குரல் அதற்கடியில் எங்கோ கிடந்தது. வலது பக்க நாதஸ்வரம் இருக்கிற இடம் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது.

பாண்டியராஜுக்கு உடனே விளங்கிவிட்டது. ஹெட்போனில் அமுங்கிப்போன இடது பக்கத்தில் கேட்கவில்லையே, கேட்கவில்லையே என்று முகேஷ் உடுக்கையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். தான் கருக்கியது இப்போது தன் பெட்டி வழியாகவே ஊர் முழுக்கக் கேட்டது. அவசரமாக இடது பக்கத்தைக் குறைத்தான். அதற்குள் பொன்னழகு போனைக் காதில் வைத்துவிட்டார்.

"என்னய்யா மிக்ஸிங் பண்ணிருக்கீரு? ஊரே சிரிக்குது. முதல்ல நல்ல டாக்டராப் பாத்துக் காதக் காட்டும். இனிமே இந்தப் பக்கத்துல ஒரு பயலும் உம்மகிட்ட பாட்டுக் குடுக்க மாட்டான்."

மறுமுனையில் முகேஷ் ஏதோ சொன்னான். பொன்னழகு போனை வைத்துவிட்டு, "மன்னிச்சிருங்கண்ணேங்கிறான். காது போச்சாம். தொழிலயே விடப்போறானாம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பாண்டியராஜ் பேகம்பூர் போய் நின்றான். முகேஷும் சத்யபிரியாவும் மதுரைக்குக் காது டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முகேஷ் சவரம்கூடச் செய்யவில்லை.

"வாலே. நானே சொல்லணும்னு இருந்தேன். காது போயிருச்சு பாண்டி. நீ சொன்ன மாதிரி பழகும் பழகும்னு பாத்தேன், பழகல."

"அந்த ஹெட்போன எடு. திருப்பி மாட்டு. இடதை வலதுல போடு."

"வேணாம்" என்றான் முகேஷ். "அத நான் யோசிக்காமலா இருப்பேன்? கையில எடுத்து எடுத்து வச்சிட்டேன். திருப்பிப் போட்டும் இடது காதுலயே கம்மியாக் கேட்டுச்சுன்னா முடிஞ்சுபோச்சுல்ல. டாக்டரே சொல்லட்டும்."

பாண்டியராஜ் மாடிக்குப் போய் ஹெட்போனையும் ஆம்பையும் தூக்கிக்கொண்டு வந்தான். முகேஷின் தலையில் தானே திருப்பி மாட்டி, பாட்டைப் போட்டான்.

முகேஷ் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு வாய் திறந்தது. வலது கை மெல்ல மேலே போய் வலது பக்கத்தைத் தட்டிப் பார்த்தது.

"இந்தப் பக்கந்தான் கம்மியா இருக்கு. இடது காது நல்லாக் கேக்குது. பிரியா, நல்லாக் கேக்குதுடி!"

சத்யபிரியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று பாண்டியராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். முகேஷ் அவனைக் கட்டிக்கொண்டான். "கம்பெனிக்காரன் ஓட்டைப் பீஸ அனுப்பி என்னக் கொன்னுட்டான் மாப்ள. வாரண்டில திருப்பி அனுப்பிரலாம்."

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடைக்காது. தலையை ஆட்டினால் போதும். பாண்டியராஜ் அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்த்தான். அவனால் ஆட்ட முடியவில்லை.

"கம்பெனி இல்ல மாப்ள. நான்தான். மேடை ஆம்புல மாட்டினேன். இடது பக்கக் குமிழ் ஏறி இருந்தத பாக்கல. கருகிருச்சு. அன்னைக்கே தெரியும்."

சத்யபிரியாவின் கைகள் இறங்கின. முகேஷ் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவன் கத்துவான் என்று பாண்டியராஜ் எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஹெட்போன் கிடக்கட்டும்" என்றான் முகேஷ். "வேற எதையும் காதுல மாட்டாதன்னு சொன்னியே. அது எதுக்கு?"

"பயந்துட்டேன்."

"நானும்தான்லே பயந்தேன்" என்றான் முகேஷ். "எம் மக வந்து இந்தப் பக்கம் நின்னு பேசினா, கேக்குதா, இல்ல கேக்குற மாதிரி நெனச்சுக்கிறேனான்னு அவ வாயவே பாத்துக்கிட்டிருந்தேன். அவ என்ன பேசினான்னே எனக்குத் தெரியாது."

புது ஹெட்போன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லத்தான் பாண்டியராஜ் வந்திருந்தான். அது இப்போது சொல்லக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை.

"பொன்னழகு அண்ணனுக்குப் போனப் போடு" என்றான் முகேஷ். "ஸ்பீக்கர்ல போட வேணாம். எங்கிட்ட சொன்னத அப்பிடியே அவர்கிட்ட சொல்லு."

பாண்டியராஜ் எண்ணைத் தட்டினான். மணி அடிக்கத் தொடங்கியது. முகேஷ் நாற்காலியை அவன் அருகே இழுத்துப் போட்டு, இடது காதைப் போன் பக்கம் திருப்பி உட்கார்ந்தான்.