மூன்றாவது வரிசை

டிரைவரம்மாவுக்குத் தையல் கிறுக்குப் பிடித்தது ஒரு சிவப்பு விளக்கால்தான். அவள் ஓட்டும் நகரப் பேருந்து தினமும் காலையில் ஒரு சந்திப்பில் மாட்டிக்கொள்ளும். இடப்பக்கத்தில் ஒரு துணிக்கடை. அதன் கண்ணாடிக்குள், துண்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று இணைத்துத் தைத்த போர்வை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எந்தத் துண்டு எதோடு சேர்கிறது, முக்கோணம் எப்படி நட்சத்திரமாகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் பின்னால் வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. மழை விட்ட சமயம் போர்வை விற்றுப்போய்விட்டது. அன்று மாலையே வீட்டுக்கு வந்து, கணவரின் பழைய சட்டைகள் இரண்டை எடுத்துக் கத்தரிபோட்டாள். அதில் ஒன்று பழையதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

“நல்ல துணியைக் கிழிச்சுப் போட்டுட்டு, அப்புறம் உக்காந்து தைக்கிற ஒரே ஆளு உலகத்துல நீதான்” என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் ரிப்பேர் ஆன பிறகுதான் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆனாலும் பழகிவிட்டது. மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு அவளுடைய அறை தையல் அறையானது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பழைய கம்பளியை இழுத்து ஆணியடித்தாள் டிரைவரம்மா. வெட்டிய துண்டுகளை அதில் வைத்து லேசாக அழுத்தினால் போதும், அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். தைப்பதற்கு முன்னால் நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். பகலெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக் காய்த்துப்போன கை, மாலையில் ஊசியைப் பிடித்ததும் பூப்போல ஆகிவிடும். அந்த நேரத்தில் யார் ஹாரன் அடித்தாலும் அவளுக்குக் காது கேட்காது.

ஒரே வாரத்தில் இரண்டு போன் வந்தன. முதலாவது மகளிடமிருந்து. “அம்மா, நீ பாட்டியாகப் போற.” இரண்டாவது கணவரின் அக்காவிடமிருந்து. மார்பில் கட்டி, பரிசோதனை முடிவு நல்லபடியாக இல்லை.

நாத்தனார் பக்கத்து ஊரில் தனியாக இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. புத்தகமாகப் போகிற ஒவ்வொரு பக்கமும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். அந்தக் கண் அச்சகத்தோடு நிற்கவில்லை என்பதுதான் குடும்பத்தின் கஷ்டம். கல்யாணமான புதிதில் வந்தபோது, “பாத்திரம் கழுவுறது நல்லாத்தான் இருக்கு, அடிப்பக்கமும் பாத்திரத்துல சேர்த்திதான்” என்றார். டிரைவரம்மா அதை மறக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. “வாங்கக்கா”, “சாப்பிடுங்கக்கா”, “போயிட்டு வாங்கக்கா.” அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சண்டையும் கிடையாது.

அறுவை சிகிச்சை முடிந்தது. மருந்து ஏற்றுவதற்கு அடிக்கடி பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டும். அது டிரைவரம்மாவின் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாலு நிறுத்தம்தான்.

“அக்காவை இங்கயே வச்சுக்கலாமா?” என்று கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இதைக் கேக்க வேற செய்யணுமா?” என்று சொல்லிவிட்டு, டிரைவரம்மா மெஷினைக் கூடத்துக்கு நகர்த்தினாள். சுவரிலிருந்த கம்பளியை மட்டும் கழற்றவில்லை. பேரக்குழந்தைக்கான போர்வை அதில் பாதி வளர்ந்திருந்தது. கூடத்தில் அதற்குக் காலிச் சுவரும் இல்லை.

அதனால் நாத்தனாருக்குப் படுக்கையிலிருந்து கண்ணைத் திறந்தால் போர்வை, மூடித் திறந்தால் மறுபடி போர்வை. முதல் தடவை மருந்து ஏற்றி வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் நாள், கஞ்சியோடு உள்ளே போன டிரைவரம்மாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை:

“மூணாவது வரிசை சரியில்ல.”

“என்னக்கா?”

“நடுவுல அந்தக் கரும்பச்சை. ரோட்டுல குழி விழுந்த மாதிரி இருக்கு.”

“பார்க்கிறேங்க்கா” என்றாள் டிரைவரம்மா. அடுப்படிக்கு வந்து கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அவ்வளவுதான்.

நாள்கள் இப்படியே ஓடின. முடி கொட்டியது. நாத்தனார் கண்ணாடியைப் பார்த்து, “தலையில இவ்வளவு மேடுபள்ளம் இருக்குன்னு தெரியாமப் போச்சே” என்றார். யாருக்கும் சிரிக்க வரவில்லை. வாந்தி, சோர்வு, நாக்கில் புண். பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போட முடியாது, மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாது. டிரைவரம்மா காலை ஷிஃப்டை வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள். கணவர் அக்காவின் அறைக்குள் போகும்போதெல்லாம் நுனிக்காலில் நடந்தார். போனில் பேசினால் மகளுக்கும் குரல் தாழ்ந்துவிடும். “அத்தை, எப்படி இருக்கீங்க? ரெஸ்ட் எடுங்க அத்தை.” எல்லோரும் பஞ்சில் சுற்றியே பேசினார்கள்.

சுவரில் வரிசைகள் கூடின. டிரைவரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப்போய்த் தைத்து, இஸ்திரிபோட்டு, மறுபடி கொண்டுவந்து ஒட்டினாள். மூன்றாவது வரிசையை அவள் மாற்றவில்லை. கரும்பச்சை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில், மகள் சின்ன வயதில் போட்டுத் திரிந்த மஞ்சள் கவுனிலிருந்து வெட்டிய துண்டு. அந்தத் துணியில் மிச்சம் அவ்வளவுதான்.

ஒரு மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்தாள். வழியில் டயர் பஞ்சராகி, ஜனங்களிடம் திட்டு வாங்கி, களைத்துப் போயிருந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படுக்கை முழுக்கத் துணித் துண்டுகள். நூல் பிசிறுகள். நாத்தனார் மடியில் பாதிப் போர்வை. கையில் தையல் பிரிக்கும் கொக்கி. மூன்றாவது வரிசையை முழுசாகப் பிரித்திருந்தார். உணர்ச்சியில்லாத விரலில் கொக்கி எங்கேயோ சறுக்கியிருக்க வேண்டும். மஞ்சள் துண்டு குறுக்கே கிழிந்து கிடந்தது.

“யாரைக் கேட்டு நீ இதைத் தொட்ட?”

அந்த ‘நீ’ எங்கிருந்து வந்ததென்று டிரைவரம்மாவுக்கே தெரியாது. ஆனால் வந்துவிட்டது. வந்த பிறகு நிற்கவில்லை.

“எத்தனை சாயங்காலம் உக்காந்து தைச்சது தெரியுமா? உன் கண்ணுக்கு ஒண்ணு பிடிக்கலேன்னா உடனே அதை அழிச்சிடணுமா? நான் செய்றது எதுவுமே உனக்குச் சரியாப்படாதா? வந்த நாள்லேர்ந்து இப்படித்தானே! அடிப்பக்கமும் பாத்திரத்துல சேர்த்தின்னு சொன்னியே, அதை நான் மறந்துட்டேன்னு நினைச்சியா?”

நாத்தனார் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது. பழைய, முழுக் குரல்.

“தப்பைத் தப்புன்னுதான் சொல்லுவேன்! பொழுதன்னிக்கும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கிட்டே கிடக்கிறது நானா நீயா? சொன்னா, பார்க்கிறேங்க்கா, பார்க்கிறேங்க்கான்னு கிளிப்பிள்ளை மாதிரி! பார்த்தியா நீ?”

“பார்க்க மாட்டேன்! என் பேரனுக்கோ பேத்திக்கோ நான் தைக்கிறேன். உனக்கென்ன?”

“எனக்கும்தான்டி அது பேரப்பிள்ளை!”

குளியலறைக் கதவு திறந்தது. முகத்தில் சோப்பு நுரையோடு கணவர் ஓடிவந்தார். “என்ன, என்ன ஆச்சு?”

“நீங்க போங்க!” “நீ போடா!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அவர் கண்ணில் சோப்பு எரிய எரியத் திரும்பிப் போனார்.

நாத்தனாரின் தோள்கள் குலுங்கின. ஐயோ, உடம்புக்கு முடியாதவரை அழவைத்துவிட்டோமே என்று டிரைவரம்மா பதறினாள். கிட்டே போய்ப் பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

“எவ்வளவு நாளாச்சு தெரியுமா, யாராவது எங்கிட்டக் கத்தி” என்றார் மூச்சு வாங்க. “எல்லாரும் மெதுவா வர்றீங்க, மெதுவாப் பேசுறீங்க, மெதுவாக் கதவைச் சாத்துறீங்க. படுத்துக்கிட்டே யோசிப்பேன், நான் போய்ச் சேர்ந்துட்டேன் போலிருக்கு, எனக்குத்தான் யாரும் சொல்லலைன்னு.”

டிரைவரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கிழிந்த மஞ்சள் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“அது கிழிஞ்சது மட்டும் என் தப்பு” என்றார் நாத்தனார், குரல் இறங்கி. “கொக்கி எங்க போகுதுன்னே தெரியல. விரலு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. சும்மாக் கிடக்க முடியாமத்தான் எடுத்தேன். சின்னக்குட்டி கவுன்தானே இது? இதைப் போட்டுக்கிட்டு என் மடியில உக்காந்து ஐஸ் சாப்பிட்டா. ரெண்டு பேர் துணியும் நாசம்.”

அது டிரைவரம்மாவுக்குத் தெரியாத கதை. மகளை நாத்தனார் வீட்டில் விட்டிருந்த ஏதோ ஒரு விடுமுறையாக இருக்க வேண்டும். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை துண்டுகளை மறுபடி சுவரில் ஒட்டி, கரும்பச்சையை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தாள். குழி இருந்தது உண்மைதான். அதை வாய்விட்டுச் சொல்வாளா என்ன? “இந்த ஒரு இடம் வேணா நீ சொல்றது சரி. நாலாவது வரிசையில கைய வச்சே, அவ்வளவுதான்” என்றாள். நாத்தனார் படுத்தபடியே ஒரு நீளக் குச்சியால் காட்டினார். டிரைவரம்மா துண்டுகளை மாற்றி மாற்றி வைத்தாள். கரும்பச்சை ஓரத்துக்குப் போனது. கிழிந்த மஞ்சளை இரண்டு சின்ன முக்கோணங்களாக வெட்டிக் காப்பாற்றினார்கள். சிவப்பு வைப்பதா வேண்டாமா என்பதில் மறுபடியும் முட்டிக்கொண்டது. இந்தமுறை கணவர் கூடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

அதன்பின் வீட்டில் சத்தம் கூடியது. நாத்தனாருக்கு முடியாத நாள்களும் இருக்கத்தான் செய்தன. ஒருமுறை காய்ச்சல் ஏறி மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். வெள்ளை அணுக்கள் இறங்கிவிட்டன என்றார் டாக்டர். வராண்டா பெஞ்சில் டிரைவரம்மா மேல்துணியையும் பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மனசு எங்கோ இருந்தது. ஆனால் ஊசி மூன்று அடுக்கையும் துளைத்துக் கீழே போய் மேலே வந்துகொண்டே இருந்தது. அங்கே தைத்த பகுதியில் தையல் கோணல். வீட்டுக்கு வந்த பிறகு நாத்தனார் அதைத் தடவிப் பார்த்து, “இது எப்ப தைச்சது?” என்று கேட்டார். சொன்னாள். அவர் அதை அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டார்.

கடைசி மருந்துக்கு முந்தின நாள் மருமகன் போன் செய்தார். பிரசவத்துக்கு நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் மகளுக்கு வலி வந்துவிட்டது, மருத்துவமனையில் சேர்த்தாயிற்று.

டிரைவரம்மா போனும் கையுமாக நடுவீட்டில் நின்றாள். “நாளைக்கு உனக்கு மருந்து…”

“மருந்து எனக்குத்தானே, உனக்கா? தம்பி கூட வருவான். நீ கிளம்பு.”

“ஓரம் இன்னும் மடிச்சுத் தைக்கல.”

“ரயில்ல தை. பஸ்ஸு ஓட்டிக்கிட்டே தைக்கச் சொன்னாத்தான் கஷ்டம்.”

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓரப்பட்டியைத் தைத்தாள். எதிரே இருந்தவர்கள் யாருக்கு என்று கேட்டார்கள். “இன்னும் பார்க்கல” என்றாள். கடைசிப் பக்கம் பாக்கி இருக்கும்போதே ஊர் வந்துவிட்டது. பேத்தி அதற்கு முன்பே வந்திருந்தாள். எடை குறைவென்று கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த நாள்களில் பாட்டி வெளியே உட்கார்ந்து மிச்ச ஓரத்தைத் தைத்து முடித்தாள். குழந்தையை முதல்முதலாக வெளியே எடுத்து மகள் கையில் கொடுத்த அன்று படம் எடுத்து அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“குட்டி நல்லா இருக்கா. மூக்கு மட்டும் உன் பக்கம். என்ன பண்றது” என்றார் நாத்தனார். அப்புறம், “எனக்கும் மருந்து முடிஞ்சுது. இங்க ஒருத்தன் சந்தோஷத்துல சாதத்தைக் கருக விட்டுட்டான்” என்றார். பின்னால் கணவரின் மறுப்பு கேட்டது.

தலையில் முடி குச்சி குச்சியாக வளர ஆரம்பித்த பருவத்தில், நாத்தனார் மறுபரிசோதனைக்காகத் தன் ஊரிலிருந்து வந்தார். கட்டி எதுவும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அதற்கு மேல் டாக்டரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மருத்துவமனை வாசலில் பேருந்துக்கு நின்றார். வந்தது டிரைவரம்மாவின் வண்டி.

இத்தனை வருஷத்தில் அவள் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. நாத்தனார் ஒருமுறை தலையை ஆட்டினார். டிரைவரம்மாவின் நெஞ்சில் பல மாதமாகக் கிடந்த கல் ஒன்று மெல்ல இறங்கியது. ஓட்டுகிற நேரத்தில் அழக்கூடாது என்பதால் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு கியரை மாற்றினாள்.

வீட்டு நிறுத்தம் வந்தது. நாத்தனார் இறங்கவில்லை. வண்டி பெரிய வளைவில் திரும்பியபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி வேடிக்கை பார்த்தார். கடைசி நிறுத்தம்வரை போனார். எல்லோரும் இறங்கி, என்ஜினை அணைத்த பிறகு எழுந்து வந்தார்.

“பசிக்குதுடி. இங்க ஏதாவது கிடைக்குமா?”

டிப்போ கேன்டீனில் சூடாக ரொட்டியும் முட்டையும் இருந்தன. டிரைவரம்மா இரண்டு தட்டு வாங்கி வந்தாள். நாத்தனார் முதல் தட்டை முடித்துவிட்டு, கூச்சமில்லாமல் அவளுடைய தட்டிலும் கைவைத்தார்.