மேனேஜர் மாப்பிள்ளை

'2024 ஜூலை 18, வியாழன். இன்று தெரியவந்த தவறு: விஜி அன்று சொன்னதை நைனாவிடம் மட்டும் சொன்னேன். பாவாவிடம் நேரில் சொல்லவில்லை.'

'மட்டும்' என்ற சொல்லை அடித்து, திரும்பவும் அதையே எழுதினாள் அம்சா. மாலை வகுப்பில் நிர்வாகம் படிப்பவர்கள் இந்த நோட்டைத் தினமும் எழுதியாக வேண்டும்.

தறிக்கூடத்தில் மஞ்சள் புடவைக் கட்டு கிடந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்களுக்கென்று நெய்தவை. முதல் நனைப்பிலேயே சாயம் ஓடுகிறதென்று கடைக்காரர் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"யாரு தறி இது?" என்றான் அக்கா பானுப்ரியாவின் கணவன் ஆகாஷ். கல்யாணத்தில் பவுன் குறைந்ததற்கு ஈடாக, பெண்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா கஜபதி அவனுக்குத் தறிக்கூடத்தின் மேனேஜர் நாற்காலியைக் கொடுத்திருந்தார். அதுவரை ஐந்து வருடம் கூடத்தை நடத்தியவள் அம்சா.

"விஜி தறி, பாவா. நூலு நீங்க வாங்கினது. சாயம் நிக்காதுன்னு அவ நனைச்சிப் பார்த்து அன்னிக்கே சொன்னா."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே? அவள நிறுத்திடு. சீட்டு எழுதி எடுத்துனு வா."

அம்சா நைனாவைச் சமையலறைக்குள் மடக்கினாள்.

"உங்ககிட்ட சொன்னேனே நைனா?"

"ஆங், சொன்ன. தலை ஆடி கூட முடியல. மாப்ளகிட்ட போயி நீ வாங்கினது மட்டம்னு சொல்லச் சொல்றியா? பானு வாழ வேணாமா?"

"தப்ப எடுத்துச் சொல்ல முடியாதவரை எதுக்கு மேனேஜரா வச்சீங்க?"

"மாப்ளைய வேற எங்க வைக்கிறது? முருகனாட்டம் மலை மேலயா?"

"ரெண்டு எழுத்து படிச்சிட்டா வாய் எப்படி நீளுது பாரு!" என்றாள் அடுப்பருகே நின்ற பானுப்ரியா.

"விஜிக்கு ரெண்டு புள்ளைங்க, அக்கா. இந்தத் தறிய விட்டா அவளுக்கு வேற வேலை இல்ல."



அம்சா கூடத்துக்குத் திரும்பி, உட்கார்ந்து சீட்டை எழுதினாள். வேலையிலிருந்து நிறுத்தக் காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு, 'நூலில் சாயம் நிற்காது என்று முன்கூட்டியே தெரிவித்தது' என்று எழுதினாள். மூன்று தடவை படித்துப் பார்த்தாள். பொய் ஒன்றும் இல்லை.

ஆகாஷ் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே பேனாவுக்குக் கை நீட்டினான்.

"படிச்சிட்டுப் போடுங்க, பாவா."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

கையெழுத்தைப் போட்டு முத்திரையும் குத்தினான்.

அம்சா நோட்டைத் திறந்தாள்.

'நாளைய வேலை: காலை எட்டு மணிக்குச் சீட்டை விஜியிடம் கொடுப்பது. அடுத்த ரயிலில் அவளோடு திருவள்ளூர் தொழிலாளர் அலுவலகம் போவது. சாட்சி, நான்.'