முதல் முடி

செந்தாமரை வாயைத் திறந்தால் கோடியக்கரையில் பறவை எழும்பும் என்று ஊரில் கேலி உண்டு. அதைக் கிளப்பிவிட்டவளும் அவளேதான். நடவுக்குப் பதினொரு பெண்களைக் கூட்டிப்போகிறவளுக்கு அந்த வாய் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டில் துரைராசு பெண்டாட்டியை அடிக்கும்போதெல்லாம், மூன்று வருஷமாக, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு சீரியலில் வரும் கொடுமைக்காரனைத்தான் அந்த வாய் திட்டிக்கொண்டிருந்தது. நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் சோறு இறங்காது.

நேற்று சாயங்காலம் கரண்ட் இல்லை. அவன் பெண்டாட்டி அமிர்தம் "அக்கா" என்று கூப்பிட்டது சுவர் தாண்டித் தெளிவாகக் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினால், காய்ச்சல், தூங்குகிறாள் என்று வாசலோடு திருப்பி அனுப்பினான் துரைராசு.

இன்று நடவு அவன் வயலில். பறித்த நாற்று முடி முடியாகக் கட்டி வரப்போரம் கிடந்தது. வீட்டுக்காரி கையால் முதல் முடியை வாங்கிக்கொண்டுதான் பெண்கள் சேற்றில் இறங்குவார்கள். அதில் துரைராசு ரொம்பக் கறார். போன வருஷம் நிஜமாகவே காய்ச்சலில் கிடந்த அமிர்தத்தை வண்டியில் வைத்துக் கூட்டிவந்தவன், இன்று தானே முடியை எடுத்து நீட்டினான்.

"அமிர்தம் வரட்டும் தம்பி," என்றாள் செந்தாமரை.

ஒன்பது பேர் வரப்பில் உட்கார்ந்தார்கள். மங்களாம்பிகை வெற்றிலையைப் பிரித்தாள். மீதி இரண்டு பேர் பூட்டிக் கிடந்த அவன் வீட்டு வாசலில் விடிந்ததிலிருந்தே நின்றுகொண்டிருந்தார்கள். சாவி அவன் சட்டைப்பையில்.

கெஞ்சினான், அதட்டினான், நாற்று வாடுகிறது என்றான். வேறு ஆள் கேட்டு இரண்டு ஊருக்குப் போன் போட்டான். அங்கேயும் செந்தாமரையின் வாய் அவனுக்கு முன்னால் போயிருந்தது.

"புருஷன் பொண்டாட்டி விஷயம்க்கா. உங்களுக்கு எதுக்கு?"

"நானும் அப்படி நெனச்சுத்தான் மூணு வருஷம் டிவி பாத்தேன். சாவியக் குடு. இல்ல, பூட்ட ஒடைக்க எங்களுக்கும் தெரியும்."

சாவியை வரப்பில் விட்டெறிந்தான். மங்களாம்பிகை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அமிர்தம் வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையைத் துண்டால் கட்டி நெஞ்சோடு பிடித்திருந்தாள். செந்தாமரை எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ சொல்றதுதான். நடவா, ஸ்டேஷனா?"

அமிர்தம் நாற்றைப் பார்த்தாள். விதை ஊறவைத்ததும் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டியதும் அவள்தான்.

"முடியெல்லாம் வாய்க்கால் தண்ணில நிறுத்துங்கக்கா, வாடாது. கையக் காட்டிட்டு ஸ்டேஷன் போவோம். நாளைக்கு நானே வந்து முதல் முடி தரேன். இது நான் விட்ட நாத்து."

துரைராசு குறுக்கே வந்தான். நாற்று முடியும் கையுமாகப் பெண்கள் நடுவில் புகுந்து, அவன் மேல் சேறு சொட்டச் சொட்ட, வாய்க்காலுக்கு நடந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுவிட்டு, மகளிர் ஸ்டேஷன் வாசலில் லோடு வண்டியிலிருந்து இறங்கியபோது மத்தியானம். புகார் எழுதுகிற அம்மா பதின்மூன்று பேரையும் அவர்களின் சேற்றுக் கால்களையும் பார்த்து, யார் பேசப் போறீங்க என்றாள்.

செந்தாமரை வாயைத் திறந்தாள். அமிர்தம் திரும்பி அவளைப் பார்த்தாள். செந்தாமரை வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

அமிர்தம் இடது கையால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கங்க."