மாறி மாறிச் சாப்பிட்டவர்கள்

காரில் ஏறி இருக்கைப் பட்டியும் போட்டுவிட்ட பிறகு விஜயரத்தினம் மூன்றாவது தடவையாக இறங்கிக் கடைக்குள் போனார். முதல் தடவை பால் கொண்டுவருகிறவனுடைய நம்பரைச் சொல்ல. இரண்டாவது தடவை, பின்கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழும் என்று செய்து காட்ட. மூன்றாவது தடவைக்குக் காரணமே கிடையாது. காசுமேசைக்குப் பின்னால் நின்ற மகள் சிவரூபினி, "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் கோ!" என்று போட்ட சத்தம் ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட்டின் அந்த முனைவரை கேட்டிருக்கும். அந்தக் கடைக்குள்ளேயே வீட்டுப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளை அவள். அவளுக்கே பின்கதவைக் காட்டிக்கொடுக்கிற மனிதரை என்ன செய்வது?

நகுலேஸ்வரி முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கல்யாணமாகி முப்பது வருஷம் நிறைந்ததற்கு மகளும் மருமகன் ஆரணனும் கொடுத்த பரிசு இது. கென்ட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வைன் திருவிழா, ஒரு இரவு ஹோட்டல், அந்த ஊரில் பேர்பெற்ற உணவகத்தில் சனிக்கிழமைச் சாப்பாடு. கடையை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக வைன் விற்று ஒரு சொட்டும் வாயில் வைக்காத இரண்டு பேரை வைன் குடிக்க அனுப்புகிற புத்தி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் வரும். கடை திறந்த அன்று விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில், விற்கிற சாமானை வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டவர் விஜயரத்தினம். அந்த நேர்த்தி சொக்கலேட்டுக்கும் சிப்ஸுக்கும் பொருந்துமா என்று அவர் பிள்ளையாரிடம் கேட்கவுமில்லை, பிள்ளையார் சொல்லவுமில்லை.

ஆனால் நகுலேஸ்வரி வைனுக்காகப் புறப்படவில்லை. அவளிடம் சொல்வதற்கு ஒரு வசனம் இருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் கடையின் குத்தகையை இன்னும் பதினைந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அவருக்கு அறுபத்தொரு வயது. கையெழுத்து வைக்காதேங்கோ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்று கிழமையாக அந்த வசனம் அவளுடைய வாய்க்குள் கிடந்தது. கடையில் அதைச் சொல்ல நேரமில்லை. விடிய ஆறு மணிக்கு அவர் திறப்பார், மத்தியானம் இவள் போவாள், இரவு பூட்டுவதற்கு அவர் திரும்ப வருவார். இடையில் கதைப்பதெல்லாம், ஐஸ்கிரீம் பெட்டி தண்ணி விடுகிறது, சில்லறைக்கு ஒரு பவுண் குற்றி முடியப்போகிறது என்ற கதைதான். அவர் வந்து படுக்கும்போது அவள் நித்திரை. அவள் கண்விழிக்கும்போது அவருடைய பக்கத்துத் தலையணை ஆறிப்போயிருக்கும்.

கல்யாணம் கட்டிய புதிதில் விம்பிள்டனில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அப்போது அவர் பெட்ரோல் நிலையத்தில் வேலை. வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கதை தொடங்கிவிடும். அன்றைக்கு வந்த ஒவ்வொருவரையும் போலப் பேசிக் காட்டுவார், நடந்து காட்டுவார். பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டுகிற அளவுக்கு இவள் சிரிப்பாள். அந்த வாய் எப்போது மூடியது என்று அவளுக்கு நினைவில்லை. ஒருநாளில் மூடியிருந்தால் கண்டிருப்பாள். அது கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா மூடியது.

திருவிழாத் திடலில் நல்ல வெயில். வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், வைக்கோல் கட்டுகளில் குந்தியிருந்து குடிக்கிற சனங்கள், ஒரு மூலையில் பாட்டு. வாசலில் ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையை நாடாவில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். விஜயரத்தினத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு கூடாரத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி நகுலேஸ்வரியின் கோப்பையில் விரற்கடை அளவு வெள்ளை வைன் ஊற்றிக் கொடுத்தாள். நேர்ந்துகொண்டது அவர்தானே, நான் இல்லையே என்று துணிந்து வாயில் வைத்தாள். முதலில் புளித்து, பிறகு நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தது போல நாக்கில் ஒரு இனிப்பு நின்றது. இதைத்தானா இத்தனை வருஷமாகப் பையில் போட்டுக் கொடுத்தோம் என்று இருந்தது. அதைச் சொல்லத் திரும்பினால் மனிதர் பக்கத்தில் இல்லை. அடுத்த மேசையில், கோணலாக நின்ற போத்தல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி லேபல் முன்பக்கம் பார்க்க அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த மேசைக்காரன் இந்த ஆளை வேலைக்கு அனுப்பியது யார் என்ற யோசனையில் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. அவர் வேகமாக வந்து அவளுடைய முழங்கையைத் தொட்டார்.

"இஞ்சாரும், திரும்பாமல் பாரும். அந்தத் தொப்பிக்காரன் கிளாசைப் பைக்குள்ள வைக்கிறான்."

அவள் மறிக்க முதல் மேசைக்காரனிடம் போய்க் காதோடு முறைப்பாடு சொல்லிவிட்டார். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கோப்பை டிக்கெட்டோடு கொடுப்பது, எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், உங்களிடமும் ஒன்று இருக்கிறதே என்று அவருடைய நெஞ்சைக் காட்டினான். விஜயரத்தினம் குனிந்து தன் கழுத்தில் தொங்கிய கோப்பையைப் பார்த்தார். நகுலேஸ்வரியால் தாங்க முடியவில்லை. வைக்கோல் கட்டு ஒன்றில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் அசடு வழிய வந்து பக்கத்தில் இருந்து, தோள் குலுங்கச் சிரித்தார். ஒரு கணம் விம்பிள்டன் ஒற்றை அறையில் இருந்த அந்தப் பழைய மனிதர் வந்து குந்தியது போல இருந்தது. இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள்.

"அந்த வெள்ளை வைனை நாங்களும் எடுத்து அடுக்கலாம்," என்றார் அவர். "இன்னும் பதினைஞ்சு வருஷம் கிடக்குத்தானே. சனம் மெல்ல மெல்லப் பழகும்."

அவள் கோப்பையில் மிச்சம் கிடந்த வைனோடு அந்த வசனத்தையும் விழுங்கினாள்.

உணவகம் பழைய கட்டடம். தலை முட்டுகிற கூரை மரங்கள், ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல். ஆறரை மணிக்கும் தண்ணீரில் வெயில் கிடந்தது. அவள் மீன் சொன்னாள், அவர் கோழி சொன்னார். இரண்டு தட்டும் ஒன்றாக வந்தன. எலுமிச்சையும் வெண்ணெயும் ஊறிய மீன், வாயில் வைத்ததும் கரைந்தது. ருசிதான். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது அவளுடைய தட்டு வெறுமையாகிவிட்டிருந்தது. சுற்றியிருந்த மேசைகளில் சனங்கள் இன்னும் பாணைப் பிய்த்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். எதிரே அவருடைய தட்டு வந்தபடியே இருந்தது. கைகள் மடியில். கண் அவளுடைய தலைக்கு மேலால் வாசல் கதவில்.

"ஏனப்பா சாப்பிடேல்லை?"

"நீர் சாப்பிட்டு எழும்பும். பிறகு நான் தொடங்கிறன்."

இயல்பாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது.

கடையின் பின்னறையில் ஒரு மைக்ரோவேவும் ஒற்றைக் கதிரையும் உண்டு. ஒருவர் சாப்பிட, மற்றவர் முன்னுக்கு நிற்க வேண்டும். கதவு மணி இரண்டு தரம் அடித்தால் பாதியில் கை கழுவிவிட்டு ஓட வேண்டும். கல்யாண வீடுகளுக்கும் ஒருவர்தான் போவார். மகளின் கல்யாணத்தன்று கடையைப் பூட்டினார்கள்; அன்றைக்கும் பந்தி விசாரித்ததில் ஒன்றாகச் சாப்பிடக் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சோற்றில் கை வைக்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல வழியில்லை. கதவுக்கு முதுகு காட்டி இருந்தும், இவளும் மணி அடிக்க முதல் முடிக்கிற அவசரத்தில்தானே அந்த மீனை விழுங்கினாள்.

"திங்கக்கிழமை கையெழுத்து வைக்காதேங்கோ," என்றாள்.

எந்தக் கையெழுத்து என்று அவர் கேட்கவில்லை. சாப்பிடத் தொடங்க எடுத்த முள்ளுக்கரண்டியைத் திரும்ப வைத்தார்.

"வியாபாரம் நல்லாத்தானே போகுது?"

"ஓம், போகுது."

"பிறகு உமக்கு என்ன குறை?"

"நீங்கள்தான் குறை. ஒரு கடைக்குள்ள இத்தனை வருஷம் உங்களோட நிண்டிட்டன். எனக்கு உங்களைத் தேடுதப்பா."

ஊரை விட்டு வந்த புதிதில் தாயை நினைத்து ஏங்கிச் சொன்ன சொல் அது. எதிரே இருக்கிற மனிதரிடம் சொல்ல வேண்டி வரும் என்று அவள் நினைத்ததில்லை. அவர் மேசைத்துணியின் ஓரத்தை விரலால் மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். கோபித்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நான் ஒண்டு சொன்னால் பகிடி பண்ணக்கூடாது," என்றார் கடைசியில். குரல் வாடிக்கையாளருக்குக் கேட்காமல் பேசுகிற அதே தணிந்த குரல். "கடை இல்லாட்டி உம்மோட நான் என்னத்தைக் கதைக்கிறது, நகுலா? அதை நினைக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

நகுலா என்று அவர் கூப்பிட்டு எத்தனை காலம். பயப்படாதேங்கோ என்று சொல்லலாம்தான். ஆனால் அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது, இப்போதுதான் தெரிந்தது. பரிமாறுகிற பெண் வந்து, சாப்பாடு பிடிக்கவில்லையா என்று அவருடைய தட்டைப் பார்த்துக் கேட்டாள். பிடித்திருக்கிறது, இனித்தான் தொடங்கப்போகிறேன் என்றார்.

அந்தப் பெண் போனதும் அவர் எழுந்தார். வெளியே போகப்போகிறார், மகளுக்குப் போன் எடுக்கப்போகிறார் என்று நகுலேஸ்வரி நினைத்தாள். அவர் தன் கதிரையைத் தூக்கினார். இழுத்தால் சத்தம் வரும் என்று தூக்கியே கொண்டுவந்து, மேசையைச் சுற்றி, அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். தட்டையும் பக்கத்துக்கு நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். இப்போது இருவரும் கதவுக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர் ஆறிப்போன கோழியில் பாதியை வெட்டி அவளுடைய வெறும் தட்டில் வைத்தார். பிறகு தன்னுடைய துண்டை வாயில் வைத்தார். அவளும் வைத்தாள்.

பின்னால் கதவு திறந்தது. காற்று வந்து கழுத்தில் பட்டது. அவருடைய தோள் ஒருமுறை துள்ளியது, அவளுடைய தோளும் துள்ளியது. காலடிச் சத்தம் உள்ளே வந்து எங்கோ நின்றது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை; யார் வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.