அழுக்குக்கு அடியில் ஒரு தேதி

என் கடைக்கு வரும் பழைய மரம் அறுக்கும் மெஷின்களுக்கெல்லாம் ஒரே வியாதிதான்: பெட்ரோல் டேங்க் ஒழுகும். ஒழுகுவதைக் கண்டதும் மெஷின்காரருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் விஞ்ஞானி எழுந்துவிடுவார். சோப்பைத் தேய்ப்பார், நகப் பாலிஷ் பூசுவார். ஒருவர் சூயிங்கத்தை ஒட்டி, அதன்மேல் பிளாஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்தார். காயம் தானாக ஆறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அன்று காலை என் தங்கை ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் புருஷன் வெறும் கையோடு வந்தார். மரம் அறுப்பதுதான் மாப்பிள்ளையின் தொழில்.

"அண்ணா, இதை நீயே வச்சுக்கோ. உதிரிக்காவது ஆகட்டும். இவர் இனிமே மரத்துப் பக்கமே போகக் கூடாது."

முந்தின நாள் பாதி மரத்தில் மெஷின் நின்றுவிட்டதாம். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மாப்பிள்ளை மூடியைத் திருக, உள்ளே இருந்த பெட்ரோல் சீறிக்கொண்டு அவர் கழுத்திலும் மார்பிலும் அடித்திருக்கிறது. பக்கத்திலேயே சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாடு கொடுக்கப் போன தங்கை அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"ஒழுகுற மெஷினை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? சுத்த அலட்சியம்."

மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் போனால் அவர் வீட்டில்தான் உட்கார வேண்டும். அந்த வேலையும் அவருக்குச் சரியாக வராது.

"இரும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று டேங்க்கைக் காலி செய்தேன். கைப்பம்பால் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். பெட்ரோல் டியூப் நுழையும் இடத்தில் குமிழி வந்தது. ரப்பர் இறுகிப் பிளந்திருந்தது. ஒழுகலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் பெட்ரோல் ஏன் சீற வேண்டும்? மெஷினைத் திருப்பினேன். கைப்பிடிக்கு அடியில், அழுக்கும் எண்ணெயுமாக ஒரு பசைக் கட்டி.

எனக்கு வாய் ஊற ஆரம்பித்தது. அடுத்தவன் ரிப்பேரைக் கிண்டல் பண்ண இப்படி ஒரு சந்தர்ப்பம் தினமுமா கிடைக்கும்?

"டேங்க்குக்குள்ள காத்து போறதுக்குன்னே இங்க ஒரு துளை, அதுல ஒரு குட்டி வால்வு. வால்வு கெட்டா லேசாக் கசியும். வால்வை மாத்தணும். இங்க எந்த மகானோ துளையையே அடைச்சு வச்சிருக்கான்! காத்து போகலன்னா மெஷின் நிக்காம என்ன பண்ணும்? நின்ன பிறகு சூட்டுல உள்ள அழுத்தம் ஏறும். மூடியைத் திறந்தா மூஞ்சியில அடிக்காம முத்தமா குடுக்கும்?"

"யாரு அடைச்சது?" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை ஸ்பேனர்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான்."

"கேட்டுக்கோண்ணா."

நான் விடுவேனா? "மாப்பிள்ளை, உங்க மூக்கையும் வாயையும் இதே மாதிரி அடைச்சுட்டு ஒரு மரம் அறுத்துக் காட்டுங்களேன்" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார்.

பசையைச் சுரண்ட அழுக்கைத் துடைத்தேன். அடியில் கோடுகள் தெரிந்தன. இன்னும் துடைத்தேன். ஒரு தேதி. பசை ஈரமாக இருந்தபோது ஆணி முனையால் கீறியது. தன் பசை எத்தனை வருஷம் தாங்குகிறது என்று பீற்றிக்கொள்வதற்காக, அதில் தேதி எழுதும் பழக்கம் இந்த ஊரில் ஒரே ஒரு மகானுக்குத்தான் உண்டு.

போன வருஷம், மழைக்கு முன்னால். கடையில் கூட்டம். ஈரமாக இருந்த இடத்தைத் துடைத்து, பசையை அப்பி, "பத்து வருஷத்துக்கு அசையாது, மாப்பிள்ளை" என்று கொடுத்தனுப்பினேன். அசையவில்லைதான். வாக்குத் தவறாதவன் நான்.

மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்தேன். பெட்ரோல் பட்ட இடம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். பெண் கொடுத்த வீட்டின் மானத்துக்காகத் தொழிலையே விடத் தயாராக நிற்கிறார் மனிதர். கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தால் தேதி போய்விடும். கொஞ்ச நேரம் கத்தியை அங்கேயே வைத்திருந்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

"அடைச்சது இவர் இல்லம்மா. நான்."

தங்கை தேதியைக் குனிந்து பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பசை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சரி பண்ணு."

பிளந்த ரப்பரையும் டியூபையும் மாற்றினேன். டிராயரில் புது வால்வு இருந்தது. போன வருஷமும் அங்கேதான் இருந்தது. மாட்டிவிட்டு, பெட்ரோல் ஊற்றி, வாசலில் கிடந்த கட்டையை மாப்பிள்ளையிடம் அறுக்கக் கொடுத்தேன். கால் மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை, ஒழுகவில்லை. அவரே ஆஃப் செய்துவிட்டு மூடியில் கை வைக்கப் போனார்.

"நீங்க நகருங்க" என்றாள் தங்கை. "அண்ணா, நீ திற."

திருகினேன். ஒன்றும் ஆகவில்லை. தங்கை மெஷினைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். ஆனால் திருகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திருகினேன். நேற்று மாப்பிள்ளை திருப்பிக்கொள்ளவில்லை. அவர் என் வேலையை நம்பியிருந்தார்.