நடுவில் இருந்த நீலத் துண்டு

சிவகாமி இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மூத்தது பிறந்த மறுநாளே போய்விட்டது. அடுத்தது உட்காரப் பழகி, பூனையின் வாலைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொண்ட பிறகு போனது. மூன்றாவது வயிற்றில் தங்கியதும் நாத்தனார் கோவிந்தம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இந்தப் பிள்ளைக்குப் புதுத்துணி ஒரு சாண்கூட வாங்கக் கூடாது, பிச்சைத் துணிப் போர்வையில்தான் கிடத்த வேண்டும் என்று.

கடல் கடந்த அந்தத் தீவில், சாந்த் குருவா என்ற ஊரில், கோயிலைச் சுற்றியிருந்த தமிழ் வீடுகளில் இது தெரிந்த வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டுப் பெண், பிள்ளைகள் நன்றாக இருக்கிற வீட்டு வாசல்களில் நின்று மடியேந்திக் கேட்க வேண்டும். உள்ளே கால் வைக்கக் கூடாது. கொடுக்கிறவள் தன் பிள்ளை உடுத்திய துணியிலிருந்து தன் கையாலேயே வெட்டிப் போட வேண்டும். வாங்கியவள் நன்றி சொல்லக் கூடாது. எது வந்தாலும் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. திருப்பிக் கொடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளையின் ஆயுசைத் திருப்பி அனுப்பியது போல ஆகிவிடும்.

அது உலகச் சண்டைக் காலத்தின் கடைசி. கடையில் துணி முகத்தைக் காட்டி மாதக்கணக்காகியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் தனராஜ், "புதுசு வாங்காதேன்னு அக்கா சொல்றதுக்கு முன்னாடியே கடைக்காரன் சொல்லிட்டான்" என்று சிரித்தான். அதற்கு மேல் அவன் அந்தப் பேச்சில் தலையிடவில்லை. அதெல்லாம் பெண்கள் பாடு.

போர்வைக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று துண்டு. எட்டுத் துண்டுகள் தமிழ் வீடுகளிலிருந்து வந்தன. எல்லாம் சாயம் போன பழைய துணி. நடுத்துண்டு பிள்ளையின் நெஞ்சுக்கு மேல் கிடக்கும் என்பதால், அது தெருவிலேயே திடமான பிள்ளையின் துணியாக இருக்க வேண்டும் என்றாள் கோவிந்தம்மா. அப்படிப் பார்த்தால் ஒரே பிள்ளைதான் இருந்தது. அடுத்த வீட்டு மிரெயின் மகள் ழனின்.

நாலு வயது. கொழுத்த கைகால். காலையில் அவள் அப்பா ஆல்பெர் வேலைக்குப் போனதும் வீட்டு நாய் கப்பித்தேன் மேல் ஏறி உட்காரப் பார்ப்பாள். நாய் நகர்ந்துவிடும், அவள் புழுதியில் உட்கார்ந்து சிரிப்பாள். மிரெயின் பாட்டனார் பாண்டிச்சேரியிலிருந்து வந்த தச்சர் என்பார்கள். ஆனால் அந்த வீட்டில் தமிழ் என்று மிஞ்சியிருந்தது சாம்பாருக்கு அரைக்கும் அம்மிக்கல் மட்டும்தான். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். சிவகாமியும் மிரெயும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தீவின் கிரியோல் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். சிவகாமி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். மிரெய்க்கு இவள் 'மோ செர்', அதாவது என் சகோதரி.

சிவகாமி வாசலில் மடியேந்தி நின்றதைப் பார்த்து மிரெய்க்குச் சிரிப்பு வந்தது.

"மோ செர், இதுக்கு வாசல்ல நிக்கணுமா? வேலியில நின்னு கேட்டா உன் சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்கும். வெட்டிக் குடு, பேசாதே."

பழைய துணிதான் வழக்கம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே போன மிரெய், ழனினின் கிறிஸ்துமஸ் கவுனை எடுத்து வந்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. பிள்ளை வளர வளர இறக்கிவிடலாம் என்று அடியில் அகலமாக மடித்துத் தைத்திருந்தாள். அந்த மடிப்பைப் பிரித்து, கத்தரிக்கோலை வைத்தாள்.

"வேண்டாம் மிரெய். அவ வளரும்போது என்ன செய்வே?"

"வளரட்டும். அப்ப வேற வாங்குவோம். உன் பிள்ளைக்கு ஓட்டைத் துணியா தருவேன்?"

நீலத் துண்டு மடியில் விழுந்தது. நன்றி என்று வாய்வரை வந்ததைச் சிவகாமி விழுங்கிக்கொண்டாள்.

போர்வைக்கு அடிப்பக்கம் துவைத்து வெளுத்த மாவுச் சாக்கு. நடுவே இரண்டு பழம்புடவை மடிப்பு. மேலே ஒன்பது துண்டு. சாக்கின் வாயைத் தைத்திருந்த நூலையே பிரித்துச் சுற்றி வைத்து, அதில் ஓட்டுத்தையல் போட்டாள். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் ஒரு விரல் அகலம் உள்ளே மடித்துப் பக்கத்துத் துண்டோடு சேர்த்தாள். மத்தியானத்தில் ஜன்னல் வெயில் விழும் இடத்தில் விரித்து வைத்துத் தைத்தால், பூனை மினு வந்து சரியாக நடுத்துண்டின் மேல் சுருண்டுகொள்ளும். தூக்கி வெளியே விட்டால் அடுத்த வாசல் வழியாக வந்துவிடும்.

"பூனை படுத்த துணியில பிள்ளை படுத்தா மீசையோட வளரும்" என்று கோவிந்தம்மா திட்டிக்கொண்டே அரிசி புடைப்பாள். ழனின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு தன் கவுன் துண்டு எங்கே என்று கேட்பாள். சிவகாமி பூனையைத் தூக்கி அடியில் இருந்த நீலத்தைக் காட்டுவாள். பிள்ளை பார்த்துவிட்டு ஓடிப்போகும். தினமும் இது நடந்தது.

தை மாதத்துப் புயல் தகரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போன சில வாரங்களில் முடக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வேறு ஊர்களில் என்றார்கள். பிறகு பக்கத்துத் தெருவில் என்றார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். குழந்தைகளை வெளியே விடாமல் கதவைச் சாத்தினார்கள். எது தொட்டு வருகிறது, எதைத் தொடாமல் இருந்தால் வராது என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் என்றார் ஒருவர், ஈ என்றார் ஒருவர். கோவிந்தம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். மிரெய் தன் வாசலில் மாதா படத்தை மாட்டினாள்.

ஒரு காலையில் ழனின் கட்டிலிலிருந்து இறங்கினாள், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் எங்கே போயிற்று என்று அம்மாவைக் கேட்டாளாம். மாலைக்குள் வண்டி வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பெற்றவர்களை வாசலுக்கு உள்ளே விடவில்லை. கப்பித்தேன் வண்டியின் பின்னால் கடைத்தெரு வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து, சிவகாமி வீட்டுப் படியில் படுத்துக்கொண்டது.

அன்றிரவு கோவிந்தம்மா போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நடுத்துண்டை எடுத்துடு சிவகாமி."

"எடுக்க மாட்டேன் அண்ணி. பிள்ளை உசுரோட இருக்கு. இப்ப எடுத்தா என்ன அர்த்தம்? அவ ஆயுசு வேணாம்னு சொன்னதா ஆகாதா?"

"வச்சிருந்தா என்ன அர்த்தம்? உன் பிள்ளை நெஞ்சு மேல எதைப் போடப்போறே?"

இரண்டும் அவர்கள் வழக்கம் சொன்னதுதான். எடுத்தால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது, வைத்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. சிவகாமி தனராஜைப் பார்த்தாள். அவன் பீடியை அணைத்துவிட்டு, உங்களுக்குத் தெரியாததா என்று எழுந்து போய்விட்டான். வயிற்றில் பிள்ளை புரண்டது. சிவகாமி போர்வையை வாங்கி மடித்து, தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஊசி அதிலேயே குத்தியபடி இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் வேலியருகே போய் நின்றாள். மிரெய் வெளியே வருவாள். என்ன சொன்னார்கள் என்று இவள் கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்பாள் அவள். ஒருநாள் மிரெயாகவே கேட்டாள், போர்வை முடிந்ததா என்று. இல்லை என்றாள் சிவகாமி. முடி, முடித்துவிடு, ழனின் வந்ததும் பார்க்கட்டும் என்றாள் மிரெய். சிவகாமி உள்ளே வந்து ஒரு வரிசை ஓட்டுத்தையல் போட்டாள். நடுத்துண்டு வந்ததும் கை நின்றது.

அந்த வாரமே ழனின் போய்விட்டாள். காய்ச்சல் மூச்சுக்கு ஏறிவிட்டதாம். பெட்டியைத் திறக்க விடவில்லை. ஊர் கூடவும் விடவில்லை. ஆல்பெரும் அவன் தம்பியும் சுமந்து போனார்கள். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால் சிவகாமி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிரெய் இவளைப் பார்த்தாள், பார்க்காதது போலவும் இருந்தது. பெட்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டுச் சிவகாமி வீட்டுக்குள் வந்தபோது துணி கருகும் வாடை வந்தது.

கோவிந்தம்மா அடுப்பின் முன் குந்தியிருந்தாள். பக்கத்தில் கத்தரிக்கோல். போர்வை தரையில் கிடந்தது. நடுவில் அடிச்சாக்கு வரை வெட்டிய சதுர ஓட்டை, அதன் வழியே தரை தெரிந்தது.

கோவிந்தம்மா திரும்பாமலே பேசினாள். "ரெண்டு பிள்ளையையும் குளிப்பாட்டித் துணி சுத்திக் குடுத்தது என் கைதான். மூணாவதை என்னால முடியாது. நீ என்னைத் திட்டு. திட்டிட்டுப் போ."

திட்ட என்ன இருக்கிறது. சிவகாமி தரையில் உட்கார்ந்தாள். மினு வந்து ஓட்டையின் ஓரத்தை மோந்து பார்த்துவிட்டு, வழக்கமான இடத்தில் படுக்காமல் நகர்ந்து போனது. வேறொரு துண்டு கேட்டு வருகிறேன் என்று கோவிந்தம்மா மறுநாளே சொன்னாள். எந்த வீட்டில் போய்க் கேட்பது? எந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு எழுந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நாலைந்து நாளில் சுகாதார ஆட்கள் அடுத்த வீட்டுக்கு வந்தார்கள். மெத்தை, தலையணை, பிள்ளையின் துணி எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்து எரித்தார்கள். மரப் பொம்மையையும் போட்டார்கள். ஆல்பெர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மிரெய் வெளியே வரவில்லை.

சாம்பல் மழையில் கரைந்து போன பிறகு ஒரு மத்தியானம் மிரெய் வந்தாள். வேலிக்கு வரவில்லை, வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அவளோடது ஒண்ணும் விடலை, மோ செர். ஒரு ரிப்பன்கூட இல்லை. அந்த நீலத் துண்டு மட்டும் உன்கிட்ட இருக்கு. திருப்பித் தர வேண்டாம், உங்க வழக்கம் எனக்குத் தெரியும். ஒருதடவை தொட்டுப் பாத்துட்டுப் போறேன்."

உள்ளே கோவிந்தம்மாவின் முறம் நின்றது.

பொய் சொல்ல நினைத்தாள் சிவகாமி. தைக்கக் கொடுத்திருக்கிறேன், பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்று ஏதேதோ வந்தது. போர்வையை எடுத்து வந்தாள். மிரெய் கையை நீட்டி வாங்கி விரித்தாள். ஓட்டையைப் பார்த்தாள். அதன் வழியே தன் விரல்கள் தெரிவதைப் பார்த்தாள். நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சிவகாமி ஒன்றைக் கண்டாள். கோவிந்தம்மா தையலைப் பிரிக்கவில்லை, கத்தரிக்கோலால் வெட்டியிருந்தாள். ஓட்டையின் நாலு ஓரத்திலும், பக்கத்துத் துண்டுகளுக்கு அடியில், உள்ளே மடித்துத் தைத்த விரலகல நீலம் அப்படியே இருந்தது. போர்வையை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வயிறு குனிய விடவில்லை. போர்வையை முகத்தருகே தூக்கி வைத்துக்கொண்டு, ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். தான் இவ்வளவு நெருக்கமாகத் தைத்திருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கப்பித்தேன் எழுந்து வந்து மிரெயின் காலடியில் படுத்தது. மிரெய் நின்றபடியே இருந்தாள்.

நாலு நீலக் கீற்றுகள் வந்தன. ஒன்றில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் முழுசாக இருந்தன. மற்றதில் எல்லாம் பாதிப் பாதி. திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற நினைப்பு வந்து, போனது. இனி யாருடைய ஆயுசைத் திருப்புவதற்கு? சிவகாமி அவற்றை மிரெயின் உள்ளங்கையில் வைத்தாள்.

மிரெய் கீற்றுகளைப் பக்கம் பக்கமாக வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். சேரவில்லை.

"இது போதாது, சிவகாமி."

"தெரியும்."

அவள் கையை மூடிக்கொண்டு போனாள். அவள் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு மோ செர் என்று கூப்பிடவே இல்லை.

தீவில் குளிர் இறங்கும் ஆடி மாதத்தில் பையன் பிறந்தான். இருந்தான். ஒவ்வொரு காலையும் அவன் காலை நீட்டி மடக்குகிறானா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அவன் அழுதால் அடுத்த வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும். கோபமாகச் சாத்தும் சத்தம் அல்ல அது. சிவகாமி அவன் வாயைப் பொத்தவும் முடியாமல், அழட்டும் என்று விடவும் முடியாமல் மார்போடு அணைத்துக்கொள்வாள்.

ஓட்டையில் வைத்துத் தைக்க என்று கோவிந்தம்மா ஒரு துண்டை எங்கோ வாங்கி வந்து, நூலையும் கோத்து வைத்தாள். சிவகாமி வேண்டாம் என்று சொல்லவில்லை, தைக்கவும் இல்லை. துண்டு ஜன்னலில் கிடந்து வெயிலில் வெளுத்தது. ராத்திரிக் குளிர் அந்த ஓட்டை வழியாகத்தான் பிள்ளையின் நெஞ்சில் இறங்கும். அவன் தூங்கும்வரை சிவகாமி தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். கண்ணயர்ந்து கை நழுவினால் அவன் விழித்துக்கொள்வான்.